பழவேற்காடு ஏரியில் தூரமும் நேரமும்

பழவேற்காட்டிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளம் நேர்கோட்டில் சுமார் 35 கி.மீ. சாலை வழியாகப் போனால் அதே இடம் ஏறத்தாழ 90 கி.மீ. மேற்கே பொன்னேரிக்குப் போய், வடக்கே திரும்பிக் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, சூளூர்பேட்டை என்று ஏரியைச் சுற்றி, கடைசியில் ஏரிக்கு நடுவே போட்ட சாலையில் கிழக்கே ஏற வேண்டும். ஏரி வழியாகப் படகில் போவதென்றால் தூரம் இந்த இரண்டுக்கும் இடையில் எங்காவது நிற்கும். நேரத்தை மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் அரை நாளில் முடிகிற பயணம், கோடையில் சேற்றில் சிக்கி முடியாமலே போகும்.

ஏரியில் படகு ஓட்டுபவர்கள் கிலோமீட்டரில் பேசுவது அரிது. இப்போது கிளம்பினால் எப்போது சேரலாம் என்பதே அவர்கள் கணக்கு. தண்ணீரின் ஆழம், ஏற்றவற்றம், காற்று, முகத்துவாரத்தின் நிலை, கரையில் ஏலம் நடக்கும் நேரம் ஆகிய ஐந்தும் அந்தக் கணக்கில் வரும். தூரம் மாறாது. மாறுவதெல்லாம் இந்த ஐந்தும்தான்.

நேர்கோட்டுக் கணக்கு

இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள வான்வழித் தூரம் என்று அட்டவணைகளில் தரப்படுவது, பூமியின் உருண்டைப் பரப்பில் அந்த இரண்டு புள்ளிகளையும் சேர்க்கும் மிகக் குறுகிய வில்லின் நீளம். இரு இடங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் போதும், கணக்கு முடிந்துவிடும். அட்சரேகையில் ஒரு பாகை என்பது சுமார் 111 கி.மீ. பழவேற்காடு இருக்கும் 13 பாகைப் பகுதியில் தீர்க்கரேகையின் ஒரு பாகை சுமார் 108 கி.மீ. சென்னை சென்ட்ரல் 13.08 பாகையிலும் பழவேற்காடு 13.42 பாகையிலும் இருக்கின்றன. கிழக்கு மேற்காக வித்தியாசம் சொற்பம். ஆகவே நேர்கோட்டுத் தூரம் 37 அல்லது 38 கி.மீ. மின்சார ரயிலில் பொன்னேரி போய், அங்கிருந்து பஸ் பிடித்தால் பயணத் தூரம் 50 கி.மீ.யைத் தாண்டும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம் போய்விடும்.

நேர்கோட்டுத் தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடும் என்பது வானத்தில்கூட முழுவதும் பொருந்தாது. சென்னைக்கும் பெங்களூருக்கும் நேர்கோட்டில் 300 கி.மீ.க்கும் குறைவு. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் 22 நிமிடத்தில் முடிய வேண்டிய பயணத்துக்கு விமான அட்டவணையில் ஒரு மணி நேரம் போடுகிறார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரம், மேலே ஏறும் நேரம், இறங்கும் நேரம், தரையிறங்க வரிசையில் சுற்றும் நேரம் எல்லாம் அதில் அடக்கம். காற்றும் தன் பங்கைக் கேட்கும். டெல்லியிலிருந்து டோக்கியோ போகும் விமானம் உயரத்தில் வீசும் மேலைக்காற்றோடு போவதால் முன்னதாகச் சேர்கிறது; திரும்பி வரும்போது அதே காற்றை எதிர்த்து வருவதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகிறது. தூரம் ஒன்றே, நேரம் இரண்டு.

சாலை வருவதற்கு முன்பு பழவேற்காட்டுக்கும் சென்னைக்கும் இடையே நேர்கோட்டை ஒட்டிய வழியாக இருந்தது கால்வாய். 1806-இல் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய உப்புநீர்க் கால்வாய் பிறகு பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக அது மேலும் தோண்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு நிலைத்தது. ஸ்ரீஹரிகோட்டா விறகு, கிளிஞ்சல் சுண்ணாம்பு, உப்பு, கருவாடு எல்லாம் இந்த வழியில் சென்னைக்குப் போயின. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி. அதுவும் போதாதபோது கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்கள். இழுப்பவர் நடக்கும் வேகமே படகின் வேகம் என்பதால் ஒரு நாள் பயணம் என்பது சாதாரணம். சாலைப் போக்குவரத்து பெருகியதும் 1965, 66 ஆண்டுப் புயல்கள் கால்வாயைச் சிதைத்ததும் சேர்ந்து அந்த வழியை முடித்துவைத்தன.

ஆழம்

பழவேற்காடு ஏரி சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. வடக்கு தெற்காகச் சுமார் 60 கி.மீ. நீளம். அகலம் ஓரிடத்தில் 200 மீட்டர், இன்னோரிடத்தில் 17 கி.மீ.க்கு மேல். பெரும்பகுதி ஆந்திரத்திலும் தெற்கு முனை திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கின்றன. தெற்கில் ஆரணி ஆறும் வடமேற்கில் காளங்கி ஆறும் வந்து கலக்கின்றன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீளவாக்கில் கிடக்கிறது. இவ்வளவு பெரிய பரப்புக்குச் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். பயண நேரத்தைத் தீர்மானிப்பதில் முதல் இடம் இந்த ஆழத்துக்கு.

ஏரியில் ஆழத்தை உடம்பால் அளக்கிறார்கள்: கணுக்கால், முட்டி, தொடை, இடுப்பு, மார்பு. முட்டிக்குக் கீழே போனால் இன்ஜின் வேலை செய்யாது. விசிறி சேற்றைக் கிளறும், பாசி சுற்றிக்கொள்ளும். தொடை அளவில் மெதுவாகப் போகலாம். இடுப்புக்கு மேலே இருந்தால்தான் கவலையில்லாமல் ஓட்டலாம். தொழிலுக்கு வரும் பையன் முதலில் கற்றுக்கொள்வதும் இதைத்தான். படகின் முன்முனையான அணியத்தில் நின்று மூங்கில் கழியை ஊன்றி, நனைந்த அளவைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். பின்னால் இன்ஜின் அருகே இருப்பவருக்கு முன்னால் கிடப்பது தெரியாது. தண்ணீர் எங்கும் ஒரே நிறம்தான்.

"தொடை... தொடை... முட்டி, மாமா. சேறு ஏறுது."

"தூக்கிட்டேன். கழியப் போடுடா, தெக்கால தள்ளு."

இன்ஜின் நின்றதும் வேகம் மணிக்குப் பத்து கி.மீ. என்பதிலிருந்து இரண்டு, மூன்று என்று விழுந்துவிடும். அரை கி.மீ. மேட்டை நேராகத் தள்ளிக் கடப்பதைவிட இரண்டு கி.மீ. சுற்றிப் பள்ளத்தோடு போவது பல சமயம் சீக்கிரம். பழகியவர் கரையில் நிற்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவார். பழைய பக்கிங்ஹாம் கால்வாய்த் தடம் ஏரிக்குள் சில இடங்களில் இன்னும் சற்று ஆழமாகக் கிடப்பதால், நேர்வழி இல்லாவிட்டாலும் அதைப் பிடித்துப் போவதும் உண்டு.

பருவம் மாறினால் வழியும் மாறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகள் நீரைக் கொண்டுவந்து கொட்டும்போது ஏரி விரிந்து, படகு பெரும்பாலும் நேராகவே போகும். சித்திரை, வைகாசியில் வடபகுதி பல இடங்களில் வறண்டு உப்புத்தரையாகிவிடும். ஏரிக்குள் இருக்கும் இருக்கம் தீவு மக்களுக்கு ஆரம்பாக்கம் சந்தையும் ஆஸ்பத்திரியும் மழைக்காலத்தில் ஒரு தூரம், கோடையில் வேறு தூரம்.

படகே இல்லாமல் ஏரியில் தொழில் செய்பவர்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் கூர்மை. இருளர் பெண்கள் கழுத்தில் பறியை மாட்டிக்கொண்டு, இடுப்பளவு நீரில் உட்கார்ந்தும் நகர்ந்தும் இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிறார்கள். கால் சேற்றில் புதையும் இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கி.மீ. போவதே பெரிது. எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அவர்கள் முடிவு செய்வது, தண்ணீர் ஏறுவதற்குள் திரும்ப முடியுமா என்று பார்த்துத்தான்.

ஏற்றவற்றம்

கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை ஆறு மணிக்கு வந்த ஏற்றம் நாளைக் காலை ஆறே முக்காலுக்குப் பிறகுதான் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். அட்டமியை ஒட்டித் தணிந்திருக்கும். கடிகாரம் இல்லாத காலத்திலும் திதி தெரிந்தவருக்கு ஏற்ற நேரம் தெரிந்திருந்தது. சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அதிகபட்சம் ஒரு மீட்டர் அளவே. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏரிக்கு அதில் ஒரு பங்கு உள்ளே வந்தாலே பெரிய மாற்றம். முகத்துவாரத்தில் நீர் ஏறிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏரியின் உட்புறத்தில் ஏறும் என்பதால் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி நேரம் உண்டு.

நீரோட்டம் பயண நேரத்தை எப்படி மாற்றுகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு போதும். மணிக்கு 6 கி.மீ. போகும் படகு, 3 கி.மீ. தூரத்தை நிற்கும் நீரில் அரை மணி நேரத்தில் கடக்கும். போகவர ஒரு மணி நேரம். மணிக்கு 3 கி.மீ. ஓட்டம் இருந்தால் ஓட்டத்தோடு 20 நிமிடம், எதிர்த்து 60 நிமிடம், ஆக 80 நிமிடம். போகும்போது மிச்சப்பட்டது வரும்போது ஈடாவதில்லை. எதிரோட்டத்தில் செலவிடும் நேரம் எப்போதும் அதிகம். வற்றத்தோடு வெளியே போய், அடுத்த ஏற்றத்தோடு உள்ளே வருவதுதான் இதற்கு வழி. அதனால் ஏரியூர்களில் கிளம்பும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகிறது.

கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய பட்டினவர் மீனவ ஊர்களில் நடைமுறையில் உள்ள பாடு முறையும் இந்த நீரோட்டத்தை நம்பியதே. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல மீன்பிடி இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்பது குலுக்கல் வழியாகவும் முறை வைத்தும் முடிவாகிறது. வற்றத்தோடு கடலை நோக்கிப் போகும் இறாலை நம்பிக் கட்டும் வலைக்கு நேரம் தவறினால் அன்றைய முறை வீண். பாடு உள்ளவர் வீட்டில் அன்று எல்லா வேலையும் நீரோட்டத்தின் நேரப்படியே நடக்கும்.

காற்று

ஆனி முதல் ஆவணி வரை காலையில் மேற்கே இருந்து கச்சான் வீசும். மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பும். ஐப்பசிக்குப் பின் வாடை. பாய் கட்டி ஓடிய காலத்தில், விடியற்காலையில் மேற்குக் கரையிலிருந்து கச்சானோடு கிழக்கே போய், பிற்பகல் கடற்காற்றோடு வீடு திரும்புவது வசதியான நாள். வாடை நாட்களில் வடக்கே போவது எதிர்காற்றில் குறுக்கும் நெடுக்குமாகத் திரும்பித் திரும்பிப் போகும் வேலை. நேர்கோட்டில் பத்து கி.மீ. என்றால் படகு ஓடிய தூரம் பதினைந்தைத் தாண்டும்.

இன்ஜின் வந்த பிறகும் காற்று விலகிவிடவில்லை. ஆழமில்லாத ஏரியில் நீண்ட நேரம் ஒரே திசையில் அடிக்கும் காற்று தண்ணீரையே ஒரு பக்கமாகத் தள்ளிச் சேர்க்கும். பலத்த கச்சான் இரண்டு நாள் அடித்தால் மேற்குக் கரையில் நேற்று இடுப்பளவு இருந்த இடம் இன்று முட்டியாகிவிடும். பஞ்சாங்கம் சொன்ன ஏற்றம் வந்தும் படகு மிதக்காமல் கிடப்பது இப்படித்தான்.

முகத்துவாரம்

ஏரிக்கு மூன்று வாய்கள்: ஆந்திரப் பகுதியில் தூப்பிலிபாளையமும் ராயதொருவும், தெற்கே பழவேற்காடு. கரையோரமாகக் கடல் மணலை ஒரு பருவத்தில் வடக்கேயும் மறு பருவத்தில் தெற்கேயும் நகர்த்துகிறது. ஏரியிலிருந்து வெளியேறும் நீருக்கு வேகம் குறையும்போது அந்த மணல் வாயில் படிந்து திட்டாகிறது. கோடையில் முகத்துவாரம் குறுகி, சில ஆண்டுகளில் அடைபட்டும் விடுகிறது. அடைபட்டால் ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தும் படகு போக வழியில்லை. பொக்லைன் வைத்து மணலை வெட்டித் திறப்பதும், அடுத்த பருவத்தில் அது மூடிக்கொள்வதும் தொடர்ந்து நடந்தன. முகத்துவாரத்தை நிலையாகத் திறந்துவைக்க வேண்டும் என்பது இந்த ஊர்களின் நெடுநாள் கோரிக்கையாக இருந்தது.

திறந்திருக்கும் நாளிலும் முகத்துவாரத்தைக் கடப்பதே பயணத்தின் கடினமான பகுதி. உள்ளிருந்து வற்றம் வேகமாக ஓடும்போது வெளியிலிருந்து அலை வந்து மோதினால் நீர் செங்குத்தாக எழும்பும். திரும்பி வரும் படகு அலை உடையும் வரிசைக்கு வெளியே இன்ஜினைத் தணித்து நிற்கும். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்ச நேரம் ஓயும். அந்த ஓய்வு வரும் வரை காத்திருந்து, கடைசிப் பெரிய அலையின் முதுகை ஒட்டி, அதை முந்தாமலும் பின்தங்காமலும் உள்ளே ஓட வேண்டும். ஓடுவது ஒன்றிரண்டு நிமிடம். அதற்குக் காத்திருப்பது அரை மணியும் ஆகும். அவசரப்பட்டால் படகு குறுக்காகத் திரும்பிக் கவிழும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகுக்கு இந்த நீர் இடம் கொடுப்பதில்லை.

1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களுக்கும் இதே நிலைதான். அவர்களுடைய கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிட்டன. துணி மூட்டைகள் சிறு படகுகளில் அலையைக் கடந்து போய் ஏறின. பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) வாரக்கணக்கில் ஓடவேண்டிய கப்பல், முதலில் இந்தச் சிறு தூரத்துக்காகக் கடல் அமைதியாகும் வரை காத்துக்கிடந்தது.

கடலில்

முகத்துவாரத்தைத் தாண்டிய பின் தூரத்தை அளக்கக் கரையே அளவுகோல். தாழ்ந்த படகில் நிற்பவரின் கண் நீர்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் மேலே இருந்தால், அடிவானம் சுமார் 5 கி.மீ. தள்ளி இருக்கும். 12 மீட்டர் உயரத் தென்னையின் உச்சி அதற்கும் அப்பால் 12 கி.மீ. வரை தெரியும். ஆகவே கரைத் தோப்பின் கொண்டை நீரில் மறையும் இடம் ஏறத்தாழ 17 கி.மீ. தொலைவு. அதற்கு வெளியே போனால் பழவேற்காடு கலங்கரை விளக்கமும் எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும்தான் துணை. அருகில் உள்ள ஓர் அடையாளமும் பின்னால் உள்ள ஓர் அடையாளமும் ஒரே கோட்டில் சேர்வதைப் பார்த்து, அதேபோல் வேறு திசையில் இன்னொரு ஜோடியையும் சேர்த்தால் வலை போட்ட இடத்துக்குத் திரும்பி வந்துவிடலாம்.

கடலின் நீரோட்டமும் திசை மாறும். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. தெண்டி ஓடும் நாளில் கரைக்கு நேராகப் படகைத் திருப்பினால் ஸ்ரீஹரிகோட்டாப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் அணியத்தைத் தெற்கே சாய்த்துப் பிடித்தே வருவார்கள்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் குறிப்பிட்ட கடல் பகுதிக்குப் போக வேண்டாம் என்று மீன்வளத் துறை முன்கூட்டியே அறிவிக்கும். 1971 அக்டோபர் 9 அன்று அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது முதல் ராக்கெட் மேலே ஏறுவது இந்தக் கரைக்குப் பழகிப்போன காட்சி. வெளிச்சம் உடனே தெரியும். ஒலி 35 கி.மீ. கடந்து பழவேற்காட்டுக்கு வரச் சுமார் நூறு விநாடி பிடிக்கும். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் அடுக்கு எரிந்து முடியும் நேரம் அதற்குள் நெருங்கிவிடும். துருவப் பாதைக்குப் போகும் அந்த ராக்கெட்டும் நேராகத் தெற்கே போவதில்லை. வழியில் இலங்கை இருப்பதால் முதலில் தென்கிழக்காகப் போய்ப் பிறகு திரும்புகிறது; அந்தச் சுற்றுக்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. மணல்திட்டைச் சுற்றிப் போகும் படகுக்கும் இதே நியாயம்தான்.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே காலை 6.29 மணிக்கு நிலம் அதிர்ந்தது. சுமார் 2,000 கி.மீ. தள்ளியுள்ள இந்தக் கரையை ஆழிப்பேரலை இரண்டரை மணி நேரத்தில் எட்டியது. சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும் விமானம் எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ அதுவே, தூரம் இதைவிடக் குறைவு. ஆழக்கடலில் விமான வேகத்தில் ஓடும் அலை, ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து உயரம் கூடுகிறது. ஏரியிலும் கடலிலும் வேகத்தை ஆள்வது ஆழமே.

கரை சேரும் நேரம்

பயணம் கரையைத் தொட்டதோடு முடிவதில்லை. ஏலம் கூடியிருக்கும்போது வந்த இறாலுக்கும், வியாபாரியின் ஐஸ் வண்டி கிளம்பிய பிறகு வந்த இறாலுக்கும் விலை ஒன்றல்ல. நண்டு உயிரோடு இருந்தால் ஒரு விலை, செத்தால் வேறு விலை. அதனால் வலையில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்து கூடுதலாகப் பிடிப்பதா, ஏலத்துக்குள் வந்து சேர்வதா என்ற கேள்வி தினமும் வரும். தூரத்தில் உள்ள இடத்தில் மீன் அதிகம் என்றாலும், டீசல் செலவும் ஏல நேரமும் பார்த்து அருகிலேயே வலை விடுவது பல நாள் முடிவு.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியே பார்த்து, மீன் கூடும் இடங்களைக் கரையிலிருந்து எந்தத் திசையில், எத்தனை கி.மீ., எவ்வளவு ஆழத்தில் என்று அறிவிக்கிறது. இப்போது படகுகளில் ஜி.பி.எஸ். உண்டு; கைப்பேசியிலும் வரைபடம் உண்டு. இவை தருவது நேர்கோட்டுத் தூரம். சேரும் நேரம் என்று கருவி காட்டுவதும், அந்த நிமிடம் ஓடும் வேகம் கடைசி வரை அப்படியே இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்குதான். எதிரே வரும் மணல்திட்டையும், மாறப்போகும் ஓட்டத்தையும், முகத்துவாரத்தில் காத்திருக்கப்போகும் அரை மணியையும் அது சேர்ப்பதில்லை.

அதனால் பழகியவர்கள் கருவியின் எண்ணைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். திதியைப் பார்த்து ஏற்ற நேரத்தையும், காற்றைப் பார்த்து மேட்டுப் பகுதியின் ஆழத்தையும், அன்று காலையில் முகத்துவாரம் கடந்து வந்தவரிடம் கேட்டு வாயின் நிலையையும் அதோடு சேர்க்கிறார்கள். போகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரத்துக்கு அதிகம் ஒதுக்கி, அதற்கும் மேலே கொஞ்சம் டீசலை மிச்சம் வைத்துக் கிளம்புகிறார்கள்.